நோயின் காரணம் தேடும் கொடை

(நம் அறக்கட்டளையின் அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)

  

தானம் என்னும் அறம் இவ்வுலகில் தோன்றிய நாளாக நம் முன்னோர் போற்றிவரும் நாள் இது. ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு மேற்கொண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் சென்ற வரலாறு நமக்குத் தெரிந்ததே. அவரைக் கண்ட மக்கள் யானைகளைக் கொணர்ந்தனர். பொன்னையும் மணியையும் காலடியில் குவித்தனர். அவர்களிடம் பக்தி இருந்தது, செல்வமும் இருந்தது. எதை, எவ்வாறு அளித்தல் வேண்டும் என்னும் அறிவு மட்டும் இருக்கவில்லை. ஆதலின் பெருமான் மாதக்கணக்கில் வெறுங்கையினராகவே திரும்பினார். அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் தன் முற்பிறவி நினைவால் முறையை உணர்ந்து கரும்பின் சாற்றை அளித்த அன்றுதான் தானம் நிறைவேறியது. கொடுக்கும் மனம் மட்டும் போதாது, எது தேவை என அறியும் அறிவும் வேண்டும் என்பதே இந்நாள் நமக்குக் கற்பிக்கும் பாடம் என்று கருதுகிறேன்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பர் நம் ஆன்றோர். அவற்றுள் ஔஷத தானத்தைப் பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தனர். சமணச் சான்றோர்க்கும் மருந்துக்கும் உள்ள உறவு நெடியது. காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். உடல்நோய்க்கு மருந்து எப்படியோ, உள்ளத்தின் நோய்க்கு அறம் அப்படி என்பது அவர்கள் கொண்ட ஒப்புமை. அம்மரபில் வந்த நாம், மருந்து வாங்கித் தருவதோடு ஔஷத தானம் முடிந்துவிடுகிறதா என்னும் வினாவை இன்று எழுப்பிப் பார்க்கலாம். காரணம் தெரியாத நோய்க்குக் காரணம் தேடுவோரைத் தாங்குவதும் அத்தானத்தின் ஒரு கிளையே என்பது என் கருத்து. அதனை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

களையென்று பயிரைப் பறித்தல்

நம்மில் பலர் உழவுக் குடும்பத்தினர். நடவு முடிந்த சில வாரங்களில் களையெடுக்க ஆள் இறங்குவர். நெற்பயிரைப் போலவே தோன்றும் புல்லும் வயலில் இருக்கும். பழகிய கை புல்லைப் பறித்துப் பயிரை விட்டுவிடும். பழகாத கையோ புல்லென்று எண்ணிப் பயிரையும் பிடுங்கிவிடும். நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அத்தகைய களையெடுக்கும் பணியைச் செய்வது. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளைக் கண்டறிந்து அழிக்கும் வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் என்பவை ஒருவகை. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் அவை பயிற்சி பெறுகின்றன. தன் உடலையே பகையெனக் கொள்ளும் அணுக்கள் பெரும்பாலும் அங்கேயே நீக்கப்படுகின்றன. எனினும் சில தப்பிவிடுகின்றன. தப்பியவற்றை அடக்கிவைக்கும் ஏற்பாடும் தளர்ந்துவிடுமாயின், உடலின் காவலே உடலின் ஓர் உறுப்பைத் தாக்கத் தொடங்குகிறது. இதனையே தன்னெதிர்ப்பு நோய் என்கின்றனர்.

தாக்கப்படுவது மூட்டாயின் முடக்குவாதம். தைராய்டு சுரப்பியாயின் ஹாஷிமோட்டோ நோய். தோலின் நிறமியணுக்களாயின் வெண்புள்ளி. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா அணுக்கள் தாக்கப்பட்டால் முதல் வகை நீரிழிவு வருகிறது. வயது ஏறியபின் பலருக்கு வரும் சர்க்கரை நோய் இரண்டாம் வகையைச் சார்ந்தது, அது வேறு. முதல் வகை பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞரையும் பற்றுவது. உண்ட இனிப்பாலோ பெற்றோரின் கவனக்குறைவாலோ வருவதன்று. உலக நீரிழிவு கூட்டமைப்பு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டோருள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். உலக நாடுகளுள் இதுவே மிகுதியான எண்ணிக்கை.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மதிய உணவு மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறையின் ஓரத்தில் நின்று, தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு, பின்னரே உண்ண அமர்வாள். ஒருநாள் அவள் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். செலவைப் பற்றியோ சிரமத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. “ஐயா, இவளுக்கு ஏன் இது வந்தது? கருவுற்றிருந்தபோது நான் ஏதேனும் தவறாக உண்டேனா? என் மாமியார் நான் செய்த வினை என்கிறார்” என்றே கேட்டார். அந்த வினாவுக்கு என்னிடம் விடையில்லை. அன்று அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களிடமும் முழுமையான விடை இல்லை. ஊசி மருந்து இருந்தது, காரணம் இல்லை. மருந்து அக்குழந்தையை வாழவைத்தது. காரணம் அறியாமையோ தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

வினைக் கொள்கையை உடைய நாம் இங்கே ஒன்றைத் தெளிவாக நினைவிற்கொள்ள வேண்டும். உபாதானம், நிமித்தம் எனக் காரணத்தை இரண்டாகப் பகுத்துக் கற்பித்தது நம் தத்துவம். நிமித்தத்தை ஆராய வேண்டா என்று எந்த ஆசாரியரும் கூறியதில்லை. பிறர் நோயைக் காட்டி அவர்தம் வினையை அளப்பது நம் தகுதிக்கு உட்பட்டதும் அன்று. நோயுற்றாரைக் கண்டால் இரங்குவதும், இயன்ற நிமித்தத்தைத் தேடி விலக்குவதுமே நமக்கு விதிக்கப்பட்டவை.

மருந்து கிடைத்ததும் மறந்த வினா

இனி அந்நோயின் வரலாற்றைக் காண்போம். 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடா நாட்டின் டொரன்டோ நகரில், லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவது உறுதியாக இருந்தது. பான்டிங், பெஸ்ட், கோலிப் ஆகியோர் அம்மருந்துக்குரிய காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவான விலைக்கு அளித்தனர். ஔஷத தானம் என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் அரிது.

ஆயினும் அப்பெருவெற்றியே ஒரு தேக்கத்துக்கும் இடந்தந்தது. மருந்துதான் இருக்கிறதே என்னும் நிறைவில், பீட்டா அணுக்கள் ஏன் அழிகின்றன என்னும் வினாவைக் கேட்போர் குறைந்தனர். இன்னொரு தடையும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுல் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், உடல் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் எனக் கூறியிருந்தார். பின்வந்தோர் அதனை, உடல் தன்னைத் தாக்கவே தாக்காது என்னும் முடிந்த முடிபாகக் கொண்டுவிட்டனர். அரை நூற்றாண்டு கழிந்தது. 1956ஆம் ஆண்டில் இலண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் ஆகியோர் தம் துணைவருடன் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் குருதிநீரை ஆராய்ந்து, தம் தைராய்டுக்கே எதிரான எதிர்பொருள் அதில் இருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோர் வேறொரு வழியில் அதே முடிவை எட்டினர். முடிந்த முடிபு தகர்ந்தது.

நீரிழிவின்பால் அவ்வெளிச்சம் படர மேலும் காலம் ஆயிற்று. பெல்ஜிய நாட்டு மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், நோய் கண்ட சிறிது காலத்திலேயே இறந்துபோனவர்களின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார். பெரும்பாலானவற்றில் பீட்டா அணுக்கள் உள்ள திட்டுகளை வெள்ளை அணுக்கள் சூழ்ந்திருந்தன. 1974இல் போட்டாசோ, டோனியாக் முதலியோர் நோயாளிகளின் குருதியில் அத்திட்டுகளுக்கு எதிரான எதிர்பொருளைக் கண்டனர். இன்சுலின் வந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே, இது உடல் தன்னைத் தாக்கும் நோய் என்பது நிலைநாட்டப்பட்டது.

பெற்றோர் ஏந்திய விளக்கு

இக்காலத்தில்தான் நம் பொருளுக்கு நேரான நிகழ்ச்சி நடந்தது. 1970இல் அமெரிக்காவில், முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகளின் பெற்றோர் சிலர் ஒன்றுகூடினர். பிலடெல்பியா நகரைச் சேர்ந்த லீ டுகாட் என்னும் தாய் அவர்களுள் முன்னின்றவர். இன்சுலின் உயிரைக் காக்கிறது; ஆனால் கண்ணையும் சிறுநீரகத்தையும் முழுமையாகக் காப்பதில்லை; நோயையும் போக்குவதில்லை. ஆகவே நாம் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவோம் என்று அவர்கள் முடிவு செய்தனர். அவர்கள் தொடங்கிய இளையோர் நீரிழிவு அறநிறுவனம் பின்னர் ஜே.டி.ஆர்.எஃப். எனப் பெயர்பெற்றது, இப்போது பிரேக்த்ரூ டி1டி என வழங்குகிறது. அன்றுமுதல் இன்றுவரை அவ்வமைப்பு ஆராய்ச்சிக்கு வழங்கிய தொகை 250 கோடி டாலருக்கும் மேல். இத்தொகையின் பெரும்பகுதி, நடைப்பயணம் சென்றும் விருந்து வைத்தும் அண்டை அயலாரிடம் கேட்டும் திரட்டப்பட்டது. ஒருவர் கொடுத்தது சிறிது, கொடுத்தவர் பலர், நிறுத்தாமல் கொடுத்தனர்.

அவர்களுடைய விடாமுயற்சி அரசையும் அசைத்தது. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் முதல் வகை நீரிழிவு ஆராய்ச்சிக்கெனத் தனி நிதித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. சில ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 15 கோடி டாலராக உயர்ந்தது. குழந்தைகளே நாடாளுமன்றத்துக்குச் சென்று உறுப்பினர்களிடம் நேரில் முறையிட்டனர். தனியாரின் கொடை விதையாக விழ, அரசின் பொருள் நீராகப் பாய்ந்தது. எந்நாட்டிலும் இதுவே நடைமுறை. விளையுமா விளையாதா என்று தெரியாத கருத்துக்கு அரசு எளிதில் பணம் தராது. வணிக நிறுவனமும் தராது. அந்த முதல் அடியைத் தாங்குவதே அறக்கொடையின் தனிச்சிறப்பு.

அதன் விளைவைப் பார்ப்போம். டி அணுக்களின் தாக்குதலைத் தணிக்கவல்ல டெப்லிசுமாப் என்னும் மருந்தை ஜெஃப்ரி புளூஸ்டோன், கெவன் ஹெரால்டு ஆகியோர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். 2002ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் 24 பேரே. அம்மருந்து பெற்றோரின் உடல் ஓராண்டுக்குப் பின்னும் ஓரளவு இன்சுலினைச் சுரந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வொன்று எதிர்பார்த்த அளவுகோலை எட்டவில்லை. வணிக நிறுவனங்கள் கைவிட்டன. அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை அது. ஆனால் அரசுநிதியும் அறநிதியும் தாங்கிய டிரையல்நெட் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு மருந்தைக் கைவிடவில்லை. நோய் வந்தபின் கொடுப்பதைவிட, வருமுன் கொடுத்தால் என்ன என்று கேட்டது.

நோயாளிகளின் உறவினருள், குருதியில் எதிர்பொருள்கள் தோன்றி, இன்னும் நோய் வெளிப்படாத 76 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எட்டு வயதுக் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பதினான்கு நாள் மட்டும் மருந்து செலுத்தப்பட்டது. 2019இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றோர்க்கு நோய் வருவது ஏறத்தாழ இரண்டாண்டு தள்ளிப்போயிற்று. 2022 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு இசைவு தந்தது. முதல் வகை நீரிழிவின் வருகையைத் தாமதப்படுத்தும் முதல் மருந்து அதுவே. இரண்டாண்டுதானே என்று நமக்குத் தோன்றலாம். நாளொன்றுக்கு நான்கு ஊசி என்று கணக்கிட்டால், ஏறக்குறைய மூவாயிரம் ஊசிகள் ஒரு குழந்தைக்கு மிச்சம். பத்து வயதில் தாங்க வேண்டிய சுமையைப் பன்னிரண்டு வயதில் தாங்குவது எத்தகைய வேறுபாடு என்பதை அக்குழந்தையின் தாய் அறிவாள்.

காரணத்தைத் தேடியதால் கிடைத்த பிறிதொரு பயன் முன்னறிவு. குருதியில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்பொருள்கள் தோன்றிய குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர்க்குப் பத்தாண்டுக்குள் நோய் வெளிப்படுகிறது என 2013இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அறிந்து காத்திருக்கும் குடும்பத்தில் குழந்தை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுவது குறையும். தாக்கும் அணுக்களை அடக்கிவைக்கும் டி அணுக்களைக் கண்டறிந்த சிமோன் சககுச்சிக்கும், அவற்றை ஆளும் மரபணுவைக் கண்ட மேரி பிரங்கோவ், பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர்க்கும் 2025ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. சககுச்சியின் முதன்மைக் கட்டுரை வெளிவந்தது 1995இல். அத்தகைய அணுக்கள் உண்டென்பதையே பலர் நம்பாத காலம் அது. பலர் நம்பாத காலத்திலும் ஒருவரைத் தாங்குவதற்கு எங்கேனும் சிறிது பொருள் வேண்டும்.

எழக்கூடிய மூன்று ஐயங்கள்

இதுவரை கேட்டபின் உங்கள் உள்ளத்தில் மூன்று ஐயங்கள் எழுந்திருக்கும். அவற்றுள் முதலாவது நமக்கே உரியது. ஆராய்ச்சி என்றால் உயிர்க்கொலை அன்றோ? கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் அதற்குப் பொருள் தரலாமா?

இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. இன்சுலினைக் கண்டறிய நாய்கள் பயன்பட்டன. நான் சொன்ன நோபல் பரிசின் பின்னே எலிகள் உண்டு. பஃபலோவில் நடந்த ஆய்விலும் முயல்கள் பயன்படுத்தப்பட்டன. ஆனால் வரலாற்றின் மறுபுறத்தையும் காண்க. அறுபது ஆண்டுக்காலம் இன்சுலின் என்பது மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. நம் குடும்பங்களில் அதை ஏற்க நேர்ந்தவர்கள் எத்தகைய மனவேதனை அடைந்திருப்பர்! 1982இல் நுண்ணுயிரியைக் கொண்டு மனித இன்சுலினையே உண்டாக்கும் முறை பயன்பாட்டுக்கு வந்தது. விலங்கின் உறுப்பைச் சார்ந்திருந்த நிலையை மாற்றியதும் ஆராய்ச்சியே.

மேலும், நான் கூறிய திருப்புமுனைகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். டோனியாக் ஆராய்ந்தது நோயாளிகள் மனமுவந்து தந்த குருதி. கெப்ட்ஸ் ஆராய்ந்தது இறந்தவரின் உறுப்பு. 2022இல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு எப்ஸ்டீன்-பார் வைரஸே தலையாய காரணம் என்று காட்டிய ஆய்வு, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேர்க்கு மேற்பட்டோரின் பதிவுகளையும் சேமித்து வைத்த குருதி மாதிரிகளையும் கொண்டு நடந்தது. அவ்வைரஸ் தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்ததை அது கண்டது. 2007இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய ஒரு கணையக் கொடை அமைப்பு, மறைந்த நீரிழிவாளரின் கணையத்தை உலகெங்குமுள்ள ஆய்வாளர்க்கு வழங்கிவருகிறது. விலங்காய்வு கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்தியது. இந்தியாவும் 2023இல் மாற்று முறைகளுக்குத் தன் விதிகளில் இடம் தந்தது. ஆகவே, கொடுப்பவன் நிபந்தனை விதிக்கலாம். மனிதர் தாமே முன்வந்து தரும் குருதி, திசு, தகவல் ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் ஆய்வுக்கே எம் பொருள் என்று எழுத்தில் கேட்கலாம். அத்தகைய நிபந்தனையுடன் வரும் கொடை மாற்று முறைகளுக்கு ஊக்கமும் ஆகும். நாம் விலகி நின்றால் ஓர் உயிரும் பிழைப்பதில்லை. நம் கொள்கையோடு உள்ளே சென்றால் சில உயிரேனும் பிழைக்கும்.

இரண்டாம் ஐயம் விலையைப் பற்றியது. இன்சுலின் காப்புரிமை ஒரு டாலருக்கு அளிக்கப்பட்டது என்றேன். டெப்லிசுமாப் மருந்தோ, விற்பனைக்கு வந்தபோது, ஒரு முறை முழுமையாகச் செலுத்த ஏறக்குறைய 1,94,000 டாலர் என விலை குறிக்கப்பட்டது. பொதுமக்களின் கொடையால் வளர்ந்த கனி பொதுமக்களுக்கு எட்டாத கிளையில் தொங்குவது நியாயமன்று. இது மெய்யான குறை. ஆனால் இக்குறைக்கு மருந்து, கொடையை நிறுத்துவதன்று, கொடுக்கும்போதே கேட்பது. எம் பொருளால் விளையும் அறிவு எல்லோர்க்கும் திறந்திருக்க வேண்டும், கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழில் வெளியாக வேண்டும் என்று கேட்பதற்குக் கொடையாளிக்கு உரிமை உண்டு. சாத்திர தானத்தின் நெறியும் அதுவே. நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்து வழங்கியபோது, பெறுபவரிடம் பங்கு கேட்கவில்லை.

மூன்றாம் ஐயம் நடைமுறையைப் பற்றியது. இன்று மருந்து வாங்க வழியின்றித் தவிக்கும் குடும்பம் நம் வாயிலில் நிற்கும்போது, பல்லாண்டுக்குப் பின் விளையக்கூடும் ஒன்றுக்குப் பொருள் தருவது தகுமா? அதிலும் நம்முடையது சிறு சமூகம்; நம் நிதி சிறிது. இவ்வினா வலிமையானது. வாயிலில் நிற்பவரை அனுப்பிவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று நான் கூறமாட்டேன். ஆனால் உழவர் வழியில் வந்த நமக்கு ஒன்று தெரியும். எத்தனை வறண்ட ஆண்டாயினும் விதைநெல்லை உண்பதில்லை. விளைச்சலில் ஒரு சிறு பகுதியை அடுத்த ஆண்டுக்கெனக் கோட்டை கட்டி வைத்த பின்னரே அடுப்பில் உலை வைப்பர். மருத்துவ உதவி நிதியில் பத்தில் ஒரு பங்கு அந்த விதைநெல்லாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். நம் நாடு ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. இவ்வறட்சியில் சிறு கொடையும் பெரிதாகத் தோன்றும்.

நாம் செய்யத்தக்கவை

செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலாவது, கொடை தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். ஓராண்டு ஐம்பதாயிரம் கொடுத்து மறந்துவிடுவதைக் காட்டிலும், ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் கொடுப்பது நன்று. ஓர் ஆராய்ச்சி மாணவர் அடுத்த ஆண்டும் பணி உண்டு என்னும் நம்பிக்கையில்தான் வினாவைத் தொடர இயலும். நம் சமூகத்திலேயே உயிரியலும் மருத்துவமும் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுள் ஒருவர் நோய் எதிர்ப்பியலில் ஆய்வு செய்ய முன்வந்தால் அவருக்கு நூலும் பயணச் செலவும் தருவது நம் ஆற்றலுக்கு உட்பட்டதே.

இரண்டாவது, கேட்டுக் கொடுத்தல் வேண்டும். எந்த நிறுவனத்துக்குத் தந்தாலும், என்ன வினாவை ஆராய்கிறீர்கள், ஆய்வுநெறிக் குழுவின் இசைவு உண்டா, ஆண்டறிக்கை தருவீர்களா என்று எழுதிக் கேட்க வேண்டும். தோல்வியுற்ற ஆய்வின் அறிக்கையையும் மதித்து வாங்க வேண்டும். இவ்வழி இல்லை என்று காட்டுவதும் அறிவே ஆகும்.

மூன்றாவது, பொருளில்லாதோரும் செய்யக்கூடியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளம்வயதில் நீரிழிவு கண்டோர்க்கான பதிவேட்டை 2006ஆம் ஆண்டிலிருந்து நடத்திவருகிறது. இத்தகைய பதிவேடுகளும், குருதி மாதிரி கேட்கும் ஆய்வுகளும் நோயுள்ள குடும்பங்களின் ஒத்துழைப்பின்றி நடவா. விளக்கம் கேட்டு, தெளிந்து, விருப்பம் இருப்பின் இசையுங்கள். நம் பெண்ணுக்கு நோய் உண்டென்று தெரிந்தால் மணம் தடைப்படுமே என்று மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உள்ளது. மறைக்கப்படும் நோய்க்குக் காரணம் கண்டறிய ஒருவராலும் இயலாது. குழந்தை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, பழக்கம் விட்டபின் மீண்டும் படுக்கையை நனைத்தாலோ, காரணமின்றி மெலிந்தாலோ, அன்றே குருதிச் சர்க்கரையைச் சோதிக்கச் செய்யுங்கள். அந்த ஒரு நாள் தாமதம் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

அவையோரே, அந்தத் தாயார் என்னிடம் கேட்ட வினாவுக்கு இன்று ஒரு பாதி விடை உண்டு. “அம்மா, உங்கள் உணவாலோ ஒழுக்கத்தாலோ வந்ததன்று, உங்கள் மகளின் குருதியில் இருக்கும் சில அணுக்கள் பயிரைக் களையென எண்ணிப் பறித்துவிட்டன” என்று இன்று எந்த ஆசிரியரும் கூறலாம். அவை ஏன் அவ்வாறு எண்ணின என்னும் மறுபாதி இன்னும் தேடப்பட்டு வருகிறது. முதற்பாதியை நமக்குத் தந்தவர்கள் குருதி தந்த நோயாளிகளும், நடந்து நடந்து பணம் சேர்த்த பெற்றோரும், நம்பிக்கை தளராமல் ஆராய்ந்த அறிஞர்களும் ஆவர். அவர்கள் நம் நாட்டினர் அல்லர். நம் சமயத்தினரும் அல்லர். அவர்கள் தேடிய அறிவின் பயன் நம் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. பெற்றதைத் திருப்பித் தரும் கடமை நமக்கும் உண்டு.

ஆகாரத்தை உண்டவர் பசி அன்று தீரும். மருந்தை உண்டவர் நோய் அப்போது தணியும். காரணத்தை அறிந்த அறிவோ, அறிந்தவரோடு அழியாமல், இனிப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் துணை நிற்கும். அட்சயம் என்றால் குறையாதது என்று பொருள். அப்பெயருக்கு ஏற்ற கொடை ஒன்றை இவ்வாண்டு தொடங்குவது பற்றிப் பொறுப்பாளர்கள் அடுத்த பொதுக்குழுவில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.